கிராபிக்ஸ் கார்டை விற்கும் முன்

அன்புள்ள தம்பி,

“வீடியோ மெமரி போதவில்லை என்று கேமே எழுதிக் காட்டுகிறது சார், அப்புறம் கிராபிக்ஸ் கார்டைத் தவிர வேறு எதைச் சந்தேகப்படுவது?” என்று கேட்டிருக்கிறாய். கடைக்காரரும் அதையே சொன்னாராம். கார்டை விற்றுவிட்டுப் புதிது வாங்கு, மனசு வரவில்லை என்றால் ஒருமுறை ஃபார்மட் அடித்துப் பார் என்றாராம். இரண்டு யோசனையும் எனக்குக் கோபம் மூட்டுகின்றன. போனில் இரண்டு வார்த்தை சொல்லி முடிக்கிற விஷயமில்லை இது. அதனால்தான் எழுதுகிறேன்.

நீ தந்த விவரத்தையே எடுத்துக்கொள்வோம். ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி. பழைய போர்டில் இதே கார்டு இதே கேமை இதே செட்டிங்கில் குறையில்லாமல் ஓட்டியது. மாறியவை மூன்று: மதர்போர்டு, பிராசஸர், ராம். மாறாத பொருளைக் கூண்டில் ஏற்றிவிட்டு மாறிய மூன்றையும் ஏன் விட்டுவிட்டாய்? செய்தியில் வீடியோ மெமரி என்று இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் உண்டா? ஒரு புரோகிராம் செத்து விழும்போது அதனால் சொல்ல முடிந்தது, எந்த இடத்தில் விழுந்தோம் என்பது மட்டுமே. அதற்கு முந்தைய நொடியில் எங்கோ ஒரு பிட் புரண்டது அதற்குத் தெரியாது.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் ஒன்று உண்டு. நீ வாங்கியது ரைசன். உதாரணமோ இன்டெலைப் பற்றியது. இருந்தாலும் பொறுமையாகப் படி.

இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள், குறிப்பாக ஐ9-13900கே, ஐ9-14900கே வைத்திருந்த பலருக்கு அன்ரியல் எஞ்சினில் செய்த கேம்கள் திறக்கும்போதே மூடிக்கொண்டன. திரையில் வந்த செய்தி உனக்கு வந்ததேதான்: ரெண்டரிங்குக்கு இடம் ஒதுக்க வீடியோ மெமரி போதவில்லை. 24 ஜிபி கார்டு வைத்திருந்தவர்களுக்கும் இதே செய்தி. டிரைவரை மாற்றினார்கள், விண்டோஸைத் திரும்பப் போட்டார்கள், கார்டையே மாற்றினார்கள். ஒன்றும் ஆகவில்லை.

கேம் திறக்கும்போது என்ன நடக்கிறது என்று பார். ஷேடர்களும் படங்களும் டிஸ்க்கில் கம்ப்ரெஸ் செய்யப்பட்டுக் கிடக்கின்றன. அவற்றைப் பிரிப்பதும் ஷேடரைக் கம்பைல் செய்வதும் பிராசஸரின் வேலை. அன்ரியலில் பிரிக்கும் பொறுப்பு பெரும்பாலும் ஊடில் என்ற மென்பொருளுடையது. அதை எழுதிய ராட் கேம் டூல்ஸ் நிறுவனத்தை எபிக் 2021-இல் வாங்கியது. கம்ப்ரெஸ் செய்த தரவில் பின்னால் வரும் ஒவ்வொரு பைட்டும் முன்னால் வந்ததைச் சார்ந்தது. நடுவில் ஒரு கணக்கு பிசகினால் அதற்குப் பிறகு வருவதெல்லாம் குப்பை. அதே பிசகு ஒரு வீடியோவில் நேர்ந்திருந்தால் பெரும்பாலும் படத்தின் ஒரு மூலை கணநேரம் கலைந்து சரியாகியிருக்கும், நீ கவனித்திருக்க மாட்டாய். ‘பிரவுசர் நன்றாக ஓடுகிறது, படம் நன்றாக ஓடுகிறது, கேம் மட்டும்தான் சாகிறது’ என்று எழுதியிருந்தாயே, அதற்குக் காரணம் இதுதான். கேம் எல்லாக் கோர்களையும் ஒரே நேரத்தில் முறுக்கி, ஒரு பிட்கூடத் தவறக்கூடாத வேலையைக் கொடுக்கிறது.

ராட் நிறுவனத்தார் தேடிப் பார்த்துவிட்டு, தவறு ஊடிலிலும் இல்லை, அன்ரியலிலும் இல்லை, பிராசஸர்தான் தடுமாறுகிறது என்று வெளிப்படையாக எழுதினார்கள். முதலில் பழி மதர்போர்டு நிறுவனங்கள் மேல் விழுந்தது. மின்சக்தி வரம்பைத் தளர்த்தி வைத்துத்தான் அவர்கள் போர்டுகளை விற்றார்கள். அது பாதி உண்மை. 2024 ஆகஸ்டில் இன்டெல் 0எக்ஸ்129 என்ற மைக்ரோகோடை வெளியிட்டது, பிராசஸர் 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்காதபடி அது தடுத்தது. அடுத்த மாதம் மூலகாரணத்தையும் சொன்னார்கள்: கோருக்குள் கடிகாரத் துடிப்பைக் கொண்டுசெல்லும் சுற்று, கூடுதல் வோல்டேஜிலும் வெப்பத்திலும் காலத்துக்கு முன்பே மூப்படைகிறது. மூன்றாண்டு உத்தரவாதத்தை ஐந்தாண்டாக்கினார்கள். ஏற்கெனவே கெட்டுப்போன பிராசஸரை எந்த மைக்ரோகோடாலும் திருப்ப முடியாது, மாற்றித்தான் ஆக வேண்டும். ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்ற வரிக்குப் பின்னால் இருந்தது இதுதான், தம்பி. அந்த வரியை நம்பிக் கார்டை விற்றவர்களை நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் கசக்கிறது.

சரி, உன் பெட்டிக்கு வருகிறேன். ரைசன் 5 7600, பி650 போர்டு, நான்கு ராம் ஸ்டிக், டிடிஆர்5-6000, எக்ஸ்போ ஆன். இந்த வரியைப் படித்ததுமே எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. பெட்டியில் 6000 என்று அச்சடித்திருப்பதால் அதுதான் அந்த ராமின் இயல்பான வேகம் என்று நினைக்கிறாய். ராமை அந்த வேகத்துக்கு ஏற்றும் எக்ஸ்போவும் சரி, இன்டெல் பக்கத்து எக்ஸ்எம்பியும் சரி, ஓவர்கிளாக் தான். 7000 வரிசை ரைசனுக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொன்ன வேகம் இரண்டு ஸ்டிக்குக்கு 5200. நான்கு ஸ்டிக் போட்டால் 3600. மறுபடியும் படி: 3600. நீ ஓட்டுவது 6000. மெமரி கன்ட்ரோலர் பிராசஸருக்குள் இருக்கிறது. நான்கு ஸ்டிக்கையும் அந்த வேகத்தில் இழுக்க அதற்குத் தெம்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அது ஒவ்வொரு சிப்புக்கும் வேறுபடும். போதாக்குறைக்கு இரண்டு ஸ்டிக் முதலில் வாங்கி, இன்னும் இரண்டு பிறகு வாங்கியிருக்கிறாய். ஒரே பெயர், ஒரே மாடல் என்றாலும் அந்த நான்கையும் சேர்த்து யாரும் சோதித்துத் தரவில்லை. இரண்டு இரண்டாகத்தான் சோதித்துப் பெட்டியில் அடைக்கிறார்கள்.

போர்டு மாற்றிய பிறகு கேம் சாகிறது என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது ராமைப் பற்றித்தான். நண்பர்கள் இதை என் பிடிவாதம் என்பார்கள். சொல்லட்டும். ராம் தவறினால் அதைச் சொல்ல நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஆளே இல்லை, அதனால்தான் இந்தப் பிடிவாதம். 1981-இல் வந்த முதல் ஐபிஎம் பிசியில்கூட ஒவ்வொரு எட்டு பிட்டுக்கும் ஒன்பதாவதாக ஒரு பேரிட்டி பிட் இருந்தது. ராமில் ஒரு பிட் புரண்டால் இயந்திரம் அங்கேயே நின்று, பேரிட்டி தவறு என்று காட்டிவிடும். பிறகு விலைப் போட்டியில் அந்த ஒன்பதாவது பிட்டைத் தூக்கி எறிந்தார்கள். பிழை திருத்தும் ஈசிசி மெமரி பெரும்பாலும் சர்வருக்கு என்றானது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2021-இல் இதைப் பற்றிக் கடுமையாகவே எழுதினார், நான் முழுக்க அவர் கட்சி. ‘டிடிஆர்5-இல் ஈசிசி இருக்கிறதே’ என்று நீ சொல்லக்கூடும். அது சிப்புக்குள் நடக்கும் பிழையை மட்டும் திருத்தும். சிப்பிலிருந்து பிராசஸர் வரையிலான வழியில் கெட்டுப்போனதை அது பார்ப்பதே இல்லை. எக்ஸ்போ தடுமாறும் இடமோ பெரும்பாலும் அந்த வழிதான்.

பிழை திருத்தும் கலை எப்படிப் பிறந்தது தெரியுமா? பெல் ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஹாமிங் என்ற கணிதவியலாளர் ரிலேக்களால் ஆன ஒரு கணினியில் வேலை செய்தார். வார நாட்களில் பிழை வந்தால் விளக்கு எரியும், ஆட்கள் வந்து சரிசெய்வார்கள். சனி, ஞாயிறுகளில் ஆள் கிடையாது. பிழை வந்தால் இயந்திரம் அந்தக் கணக்கைக் கைவிட்டு அடுத்ததுக்குப் போய்விடும். ஹாமிங்கின் கணக்குகள் வார இறுதியில்தான் ஓடின. திங்கட்கிழமை வந்து பார்த்தால் ஒன்றும் மிஞ்சியிருக்காது. தவறு நடந்ததைக் கண்டுபிடிக்கத் தெரிந்த இயந்திரத்துக்கு, எங்கே தவறு என்று கண்டுபிடித்துத் திருத்தத் தெரியாதா என்ற எரிச்சலில் எழுந்ததுதான் அவருடைய 1950-ஆம் ஆண்டுக் கட்டுரை. கல்லூரி நூலகத்தில் அதைத் தேடிப் படி. பாடப்புத்தகத்தில் நீ மனப்பாடம் செய்த ஹாமிங் கோடைவிட அது எவ்வளவோ தெளிவாக இருக்கும்.

இன்னொருவரையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் வர்ஜீனியாவின் லிஞ்ச்பர்க் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்த தாமஸ் நைஸ்லி. இரட்டைப் பகா எண்களின் தலைகீழிகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். 1994-இல் தன் கணினிகளோடு ஒரு பென்டியத்தைச் சேர்த்தார்; ஜூனில் விடைகள் ஒத்துப்போகவில்லை என்று கண்டார். உன் நிலைமைதான்: புதிய இயந்திரம் வந்தது, பழைய வேலை கெட்டது. அவர் உடனே இன்டெல் மேல் பாயவில்லை. தன் புரோகிராம், கம்பைலர், போர்டின் சிப்செட் என்று ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டே வந்தார். அக்டோபரில்தான், 824633702441 என்ற எண்ணின் தலைகீழியைப் பென்டியம் தவறாகப் போடுகிறது, வகுத்தல் சுற்றே பிழை என்று உறுதிசெய்து இன்டெலுக்குச் சொன்னார். அந்தப் பிழைக்காக இன்டெல் கணக்கில் எழுதிய இழப்பு 47.5 கோடி டாலர். பிராசஸரே கணக்கைத் தப்பாகப் போடும் என்று ஒருவர் துணிந்து சொல்ல, இத்தனை மாதப் பொறுமை தேவைப்பட்டது. நீ இரண்டு நாளில் கார்டை விற்கக் கிளம்பிவிட்டாய்.

இனி நீ செய்ய வேண்டியது. எக்ஸ்போவை அணை. இரண்டு ஸ்டிக்கை எடுத்துவிடு. மீதி இரண்டும் பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் இருக்கட்டும். முதல்முறை ஆன் செய்யும்போது திரை சில நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கும். அது போர்டு ராமோடு நேரத்தைப் பொருத்திப் பார்க்கும் வேலை. பயந்துபோய் சுவிட்சை அணைக்காதே. பிறகு அதே கேமை ஆடு. ஒரு வாரம் சாகாமல் ஓடினால் குற்றவாளி ராம் பக்கம்தான் என்று தெரிந்துவிடும். அதன்பின் பயாஸைப் புதுப்பித்துவிட்டு, இரண்டு ஸ்டிக்கோடு எக்ஸ்போவை ஆன் செய்து பார். 2023 வசந்தத்தில் சில 7000 வரிசைப் பிராசஸர்கள் எக்ஸ்போவோடு சேர்ந்து எரிந்தே போயின. அதற்குப் பிறகு வந்த பயாஸ்களில்தான் எஸ்ஓசி வோல்டேஜுக்கு 1.3 வோல்ட் வரம்பு வைத்தார்கள். உன் போர்டில் இருப்பது எந்தத் தேதி பயாஸ் என்று முதலில் பார்த்துவிடு.

ஒரே நேரத்தில் ஒரு சந்தேகத்தைத்தான் சோதிக்க வேண்டும். ஃபார்மட் யோசனை எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் அதுதான். ஃபார்மட் அடித்தால் ஒரே அடியில் நூறு விஷயம் மாறுகிறது. சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது, ஆகாவிட்டாலும் எது காரணமில்லை என்று தெரியாது. சான்றாக இருந்த பதிவுகளும் அழிந்துபோகும். விண்டோஸ் மேல் சந்தேகம் இருந்தால் புதிய சிப்செட் டிரைவரைப் போடு. பழைய போர்டுக்கென்று வந்த ஃபேன், லைட் கட்டுப்பாட்டு மென்பொருட்களை நீக்கு; அவை கெர்னல் வரை கை நீட்டுபவை.

ஈவென்ட் வியூவரைத் திறந்ததாக எழுதியிருந்தாய், நல்லது. அதில் ‘கெர்னல்-பவர் 41’ என்று பார்த்துவிட்டு எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று முடிவு கட்டாதே. கம்ப்யூட்டர் ஒழுங்காக அணைக்கப்படாமல் திரும்ப எழுந்தது என்பதைத் தவிர அந்த வரியில் ஒன்றுமில்லை. ‘வியா-லாகர்’ பெயரில் பதிவு இருக்கிறதா என்று தேடு. வன்பொருளே தன் பிழையைப் பதிவுசெய்யும் இடம் அது. கேம் மட்டும் மூடி டெஸ்க்டாப் வருகிறதா, கம்ப்யூட்டரே அணைந்து எழுகிறதா என்பதையும் குறித்துவை. நீ சொன்னது முதல் வகை. ஆகவே எஸ்எம்பிஎஸ்ஸை இப்போதைக்கு நான் தொடமாட்டேன்.

கடைசியாக மெம்டெஸ்ட்86+. இலவசம்தான். யுஎஸ்பியில் போட்டு, நான்கு ஸ்டிக்கையும் மாட்டி எக்ஸ்போவோடு இரவு முழுக்க ஓடவிடு. பிறகு பிரைம்95-ஐயும் ஓட்டு. மெர்சென் பகா எண்களைத் தேட எழுதிய புரோகிராம் அது. 2016-இல் இன்டெலின் ஸ்கைலேக் பிராசஸர்களில் ஒளிந்திருந்த ஒரு பிழையையே அதுதான் வெளியே கொண்டுவந்தது. இவை பிழை காட்டாவிட்டால் ராம் நிரபராதி என்று ஆகிவிடாது. காட்டினால் மட்டும் ராமிலோ பிராசஸரிலோ குற்றம் இருப்பது உறுதி. ‘விடிய விடிய ஓடி ஒரே ஒரு பிழைதானே’ என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதே. அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை பூஜ்யம். எக்ஸ்போ இல்லாமலே பிழை வந்தால் அந்த ஸ்டிக்கைத் தனியாகப் போட்டு மறுபடி சோதித்து, முடிவைப் படமெடுத்துக் கடையில் கொடு. பல நிறுவனங்கள் ராமுக்கு ஆயுட்கால உத்தரவாதம் தருகின்றன. பில்லைப் பத்திரமாக வைத்திருந்தால் போதும்.

அன்புடன்,
உன் ஆசிரியர்