ஒரே வாக்கைக் கேட்ட இருவர்

ஷேக்ஸ்பியரின் 'மக்பெத்' நாடகத்தில் தீமை எங்கே தொடங்குகின்றது? சூனியக்காரிகளிடம் என்றும், மக்பெத்தின் மனைவியிடம் என்றும் எங்கள் வகுப்பில் இரு கட்சிகள். எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. நீ அரசனாவாய் என்றார்களே தவிர, கொல் என்று சூனியக்காரிகள் சொல்லவில்லை. உடன் நின்ற பாங்கோவிடமும் அவன் சந்ததி அரசாளும் என்றார்கள். அவன் கத்தியைத் தேடவில்லை. மக்பெத்தோ, டங்கன் தன் உறவினன், அரசன், விருந்தாளி என்றெல்லாம் எண்ணிப் பார்க்கிறான். தன்னை உந்துவது பேராசை ஒன்றே என்றும் ஒப்புக்கொள்கிறான். எல்லாம் தெரிந்தே கொல்கிறான். பிறகு ஒருவரின் பிரார்த்தனைக்கு 'ஆமீன்' சொல்லவும் அவனுக்கு நா எழவில்லை. அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.

அப்படியானால் பாங்கோ நல்லவனா? ஷேக்ஸ்பியர் கதையை எடுத்த ஹொலின்ஷெட்டின் வரலாற்று நூலில் அவனும் கொலைக்கு உடந்தை. அன்றைய மன்னர் முதலாம் ஜேம்ஸ் பாங்கோவின் வழிவந்தவராகக் கருதப்பட்டதால், நாடகத்தில் அவன் கறை கழுவப்பட்டது என்பர். முற்றாகக் கழுவப்படவில்லை என்பேன் நான். மூன்றாம் அங்கத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். மக்பெத் வஞ்சகத்தால் முடி பெற்றிருப்பான் எனப் பாங்கோ சந்தேகிக்கிறான். தனக்குச் சொன்ன வாக்கும் பலிக்கலாமே என்று எண்ணுகிறான். மக்பெத் வருகிறான், பாங்கோ வாயை மூடிக்கொள்கிறான். அன்றிரவே கொல்லப்படுகிறான்.

என் கொப்பியில் நன்மை, தீமை என இரு நிரல்கள் கீறியிருந்தேன். பாங்கோவின் பெயரை இன்னும் எதிலும் எழுதவில்லை.