திடலில் சிலுவை அடையாளம்

கால்பந்தாட இறங்கும் நம் பிள்ளைகள் சிலுவை அடையாளம் போடுகிறார்கள். நல்லதே. அதன் பொருளை அறிவார்களா?

2025 அக்டோபர் 30 அன்று நவி மும்பையில், மகளிர் உலகக் கோப்பைக் கிரிக்கெட் அரையிறுதியில், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஜெமிமா ரோட்ரிக்ஸ் ஆட்டமிழக்காமல் 127 ஓட்டங்கள் எடுத்தார், இந்தியா ஜெயித்தது. அதே பந்தயத் தொடரில் முன்பு ஓர் ஆட்டத்தில் ஒதுக்கப்பட்டிருந்த அவர், கண்ணீரோடு சேசுநாதருக்குப் பகிரங்கமாக நன்றி கூறினார். சிலர் பழித்தார்கள்.

அந்த நன்றியில் கர்வமில்லை. தன் பலத்தால் மட்டும் ஆகவில்லை என்றே சொன்னார். தோற்றவர்களும் சர்வேசுரனுடைய பிள்ளைகளே.

ஆகையால், சிலுவை போட்ட கை எதிராளியை அடிக்கலாகாது. ஜெபித்த வாய் நடுவரை ஏசலாகாது. ஆட்டத்துக்காக ஞாயிறு பூசையை விடலாகாது. தோற்ற நாளிலும் தோத்திரம் சொல்லுங்கள்.