சுவிட்சைப் போடும் முன்

அம்மா சித்தாள் வேலைக்குப் போகிறாள். மாலையில் எழுத்தறிவு மையத்துக்குப் போகிறாள். இப்போது எழுத்துக் கூட்டிப் படிப்பாள். மெதுவாகத்தான் படிப்பாள். ஆனால் ஒரு எழுத்தையும் விடமாட்டாள்.

மகள் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு. வெள்ளிக்கிழமை மாலை அவள் ஓர் அட்டைப் பெட்டியோடு வந்தாள். அதற்குள் நான்கு விரல் உயரத்தில் ஒரு வண்டி இருந்தது.

"என்ன கண்ணு இது?"

"ரோபோம்மா. நானே பூட்டினேன். திங்கட்கிழமை எல்லார் முன்னாடியும் ஓட்டிக் காட்டணும்."

ரோபோ என்றால் என்ன?

நாம் சொல்லி வைத்தபடி தானே வேலை செய்யும் எந்திரம் ரோபோ. இந்தப் பெயர் ஒரு நாடகத்திலிருந்து வந்தது. காரெல் சாப்பெக் என்ற செக் மொழி எழுத்தாளர் 1920இல் அந்த நாடகத்தை எழுதினார். செக் மொழியில் ‘ரோபோட்டா’ என்றால் கட்டாய உழைப்பு. நம் ஊரில் வெட்டி வேலை என்று சொல்வார்களே, அது போன்றது.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டு அடல் இன்னொவேஷன் மிஷன் என்ற திட்டம் தொடங்கியது. இத்திட்டத்தின் கீழ்ப் பல பள்ளிகளில் ‘அடல் டிங்கரிங் லேப்’ என்ற செய்முறைக் கூடங்கள் வந்தன. இவை 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கானவை. மகள் ரோபோவைப் பூட்டியதும் இப்படி ஒரு கூடத்தில்தான்.

பெட்டிக்குள் என்ன இருந்தது?

இரண்டு சக்கரங்கள். அவற்றைச் சுற்ற இரண்டு சிறிய மோட்டார்கள். மோட்டார்களுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் ஒரு பலகை. கட்டளைகளை நினைவில் வைத்திருக்கும் இன்னொரு பலகை. இது ரோபோவின் மூளை. முன்பக்கம் இரண்டு சென்சார்கள். இவை ரோபோவின் கண்கள். பிறகு பேட்டரி போட ஒரு பெட்டி.

சுவர்க் கடிகாரத்தில் போடும் சிறிய பேட்டரியே இதற்கும் போதும். ஒன்றுக்கு 1.5 வோல்ட். வரிசையாக இணைத்த 4 பேட்டரிகள் சேர்ந்தால் 6 வோல்ட். வீட்டுச் சுவரில் வரும் மின்சாரமோ 230 வோல்ட். அதோடு இந்த ரோபோவை ஒருபோதும் இணைக்கக் கூடாது.

அவசரம்

"போடுக்கா, ஓடுதான்னு பாக்கலாம்!" தம்பி குதித்தான்.

மகளுக்கும் அவசரம்தான். மூன்று பேட்டரிகளைப் போட்டுவிட்டாள். நான்காவது அவள் கையில் இருந்தது.

"இரு கண்ணு. இந்தத் தாள் எதுக்கு?" அம்மா பெட்டியின் அடியிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். ஆசிரியை கையால் எழுதிய தாள்.

"அது எனக்குத் தெரியும்மா. எல்லாம் சரியாத்தான் பூட்டியிருக்கேன்."

"தெரிஞ்சா நல்லது. நான் படிக்கிறேன். நீ ஒவ்வொண்ணா பாத்துச் சொல்லு."

மகள் பேட்டரிகளைக் கழற்றினாள். அம்மா விரல் வைத்துப் படித்தாள்.

"ஒன்று. பேட்டரி போடும் முன் கண்ணால் பார். திருகாணி, கம்பித் துண்டு ஏதும் பலகையின் மேல் கிடக்கிறதா?"

மகள் விளக்கடியில் சாய்த்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

"இரண்டு. சி...வப்...பு ஒயர் கூட்டல் குறியில். கறுப்பு ஒயர் கழித்தல் குறியில்."

"சரியா இருக்கும்மா."

அம்மா ரோபோவை அருகில் இழுத்தாள். கூட்டல் குறியும் கழித்தல் குறியும் அவளுக்குத் தெரியும். கணக்கில் படித்திருக்கிறாள். பலகையில் சிறிதாக அச்சிட்ட குறிகளை உற்றுப் பார்த்தாள்.

"கூட்டல்ல கறுப்பு இருக்கே கண்ணு?"

மகள் குனிந்து பார்த்தாள். அவள் முகம் மாறியது. பேட்டரிப் பெட்டியிலிருந்து வந்த இரண்டு ஒயர்களும் இடம் மாறி இருந்தன. சுவிட்சைப் போட்டிருந்தால் மின்சாரம் தலைகீழாகப் பாய்ந்திருக்கும். பலகை சூடாகிக் கருகிப் போயிருக்கலாம். பலகை பள்ளிக்குச் சொந்தம். அடுத்து வரும் பிள்ளைகளும் அதை வைத்துத்தான் படிக்க வேண்டும்.

"நல்லவேளை நீ படிச்ச" என்றாள் மகள். ஒயர்களைக் கழற்றி மாற்றி முடுக்கினாள்.

ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள்

"மூன்று. சக்கரம் தரையில் படாமல் தூக்கி வை."

தம்பி எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்தான். அம்மா அடுத்த வரியைப் படித்தாள். "இரும்பு, எவர்சில்வர் வேண்டாம்." உலோகத்தில் மின்சாரம் பாயும். அடியில் உள்ள ஒயர்கள் அதில் பட்டால் ஆபத்து. அம்மா தன் பாடப் புத்தகங்களை அடுக்கி அதன்மேல் ரோபோவை வைத்தாள். சக்கரங்கள் அந்தரத்தில் நின்றன.

"நான்கு. சுவிட்சைப் போட்டுச் சிறிது நேரம் பார். புகை, கருகல் வாசனை, சூடு இருந்தால் உடனே அணை."

மகள் சுவிட்சைப் போட்டாள். மூளைப் பலகையில் ஒரு சிறு விளக்கு எரிந்தது. புகை இல்லை. வாசனை இல்லை.

பள்ளியிலேயே மகள் ஒரு சோதனைக் கட்டளையை ஏற்றி வைத்திருந்தாள். முதலில் இடது சக்கரம் சுற்ற வேண்டும். பிறகு வலது சக்கரம். இடது சக்கரம் முன்னோக்கிச் சுற்றியது. வலது சக்கரம் பின்னோக்கிச் சுற்றியது!

"கெட்டுப்போச்சா அக்கா?" தம்பிக்குப் பயம்.

"இல்லடா." மகள் சுவிட்சை அணைத்தாள். வலது மோட்டாரின் இரண்டு ஒயர்களை மட்டும் இடம் மாற்றினாள். இந்த மோட்டாரில் மின்சாரம் பாயும் திசை மாறினால் சுற்றும் திசையும் மாறும். மறுபடி போட்டாள். இரண்டும் முன்னோக்கிச் சுற்றின.

அடுத்தது கண்கள். சென்சார் கண்ணுக்குத் தெரியாத ஒளியை வீசும். வெள்ளைத் தாள் அதைத் திருப்பி அனுப்பும். அப்போது சென்சாரின் சிறு விளக்கு எரியும். கறுப்பு நாடா ஒளியைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். அப்போது விளக்கு அணையும். ஒரு கண் கறுப்பிலும் எரிந்தது. அதிலுள்ள சிறு திருகை மகள் மெல்லத் திருப்பினாள். சரியாகிவிட்டது.

கடைசியில்தான் ரோபோ தரைக்கு வந்தது. ஒட்டியிருந்த கறுப்பு நாடாவைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்தது. தம்பி கை தட்டினான்.

பெரிய ரோபோவுக்கும் இதே வழி

2023 ஆகஸ்டு 23 அன்று நம் நாட்டின் சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. அதிலிருந்து பிரக்யான் என்ற ஆறு சக்கர வண்டி நிலவின் மண்ணில் ஓடியது. அதன் எடை 26 கிலோ. அங்கே ஒயரை மாற்ற யாரும் போக முடியாது. அதனால் இப்படிப்பட்ட வண்டிகளைப் பூமியிலேயே பலமுறை சோதிக்கிறார்கள். சந்திரயான் சோதனைகளுக்கு நிலவின் மண்ணைப் போன்ற மண் தேவைப்பட்டது. தமிழ்நாட்டின் நாமக்கல் மாவட்டத்துப் பாறைகளைப் பொடித்து அதைச் செய்தார்கள்.

அன்று இரவு மகள் பேட்டரிகளைக் கழற்றி வைத்தாள். பிறகு ஆசிரியையின் தாளில் கீழே ஒரு வரி எழுதினாள்: "ஐந்து. இன்னொருவரைப் படிக்கச் சொல்லிச் சரிபார்."

அம்மா அதையும் எழுத்துக் கூட்டிப் படித்தாள். சிரித்தாள்.

நினைவில் வையுங்கள்

1. புதிய கருவி எதுவானாலும் முதலில் குறிப்பைப் படியுங்கள்.
2. ஒயரைத் தொடும் முன் சுவிட்சை அணையுங்கள்.
3. பழைய பேட்டரியையும் புதிய பேட்டரியையும் கலந்து போடாதீர்கள்.
4. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சோதிக்காதீர்கள். ஒவ்வொன்றாகச் சோதித்தால் குறை எங்கே என்று தெரியும்.

விடை சொல்லுங்கள்

1. அம்மா கண்டுபிடித்த தவறு என்ன?
2. டம்ளரின் மேல் ரோபோவை ஏன் வைக்கவில்லை?
3. 1.5 வோல்ட் பேட்டரிகள் 6 சேர்ந்தால் மொத்தம் எத்தனை வோல்ட்?
4. உங்கள் வீட்டில் உள்ள ஒரு கருவியின் குறிப்புத் தாளை எடுத்துப் படியுங்கள். அதில் உங்களுக்கு இதுவரை தெரியாத செய்தி ஒன்றை எழுதுங்கள்.