சிப் சாவித் தொழில்: கொடைரோட்டில் கடை போடுமுன்

பூட்டுக்குப் பேர்போன மாவட்டம் திண்டுக்கல். 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் வந்துவிட்டது. அப்படியிருந்தும், கார் சாவி தொலைந்தால் வண்டியை இழுவை வண்டியில் ஏற்றி ஷோரூமுக்கு அனுப்புவதுதான் பலருக்கும் தெரிந்த ஒரே வழி. சாவி வெட்டுகிற கை இங்கே உண்டு. சாவிக்குள் இருக்கும் சிப்பை வண்டியில் பதிவுசெய்யத் தெரிந்தவர்கள்தான் குறைவு. ஐ.டி.ஐ. முடித்தவர், கார் எலெக்ட்ரீஷியனிடம் வேலை பழகியவர், பஸ் ஸ்டாண்டு ஓரம் டூப்ளிகேட் சாவி வெட்டுபவர் என யாரும் இதில் இறங்கலாம். இறங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை இதோ.

வேலை எங்கிருந்து வரும்?

மதுரை–திண்டுக்கல் நான்குவழிச் சாலை, சுங்கச்சாவடி, ரயில் நிலையம், நிலக்கோட்டை, வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் மலைக்குப் போகும் டாக்ஸிகள் என எல்லாம் கொடைரோட்டில் கூடுகின்றன. கொடைக்கானலுக்கு வரும் வெளியூர்க்காரரின் மாற்றுச் சாவி பெங்களூரிலோ கொச்சியிலோ வீட்டு அலமாரியில் இருக்கும். கையில் இருந்தது தொலைந்தால் அவருக்கு அன்றே ஆள் வேண்டும்.

ஆனால் சீசனை மட்டும் நம்பிக் கடை போடாதீர்கள். ஏப்ரல், மே போனால் கூட்டம் குறையும். மற்ற மாதங்களில் கடையை நடத்துவது உள்ளூர் வேலைதான். ஒற்றைச் சாவியோடு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியவர்கள், ஒரே வண்டியை இரண்டு டிரைவர்கள் மாற்றி ஓட்டும் டாக்ஸி முதலாளிகள், பட்டன் தேய்ந்த ரிமோட்டோடு வருபவர்கள் ஆகியோரே உங்கள் நிரந்தர வாடிக்கையாளர்கள்.

சாவிக்குள் என்ன இருக்கிறது?

இன்றைய சாவியில் மூன்று வேலைகள் தனித்தனியாக நடக்கின்றன. தகடு பூட்டைத் திருப்புகிறது. ரிமோட் கதவைத் திறக்கிறது. சிப் என்ஜினுக்கு அனுமதி வாங்கித் தருகிறது.

சிப்புக்கு பேட்டரி கிடையாது. சாவி போடும் இடத்தைச் சுற்றியுள்ள காயில் ஏறக்குறைய 125 கிலோஹெர்ட்ஸ் அலையை அனுப்பும். அந்த ஆற்றலிலேயே சிப் விழித்துக்கொள்ளும். வண்டி ஓர் எண்ணை அனுப்பிக் கேட்கும். சிப் தன்னிடமுள்ள ரகசியக் குறியீட்டை வைத்துக் கணக்குப் போட்டுப் பதில் சொல்லும். பதில் சரியாக இருந்தால்தான் என்ஜின் கம்ப்யூட்டர் டீசலையோ பெட்ரோலையோ விடும். இதுதான் இம்மொபிலைசர். மாருதி தன் கார்களில் இதற்கு வைத்த பெயர் ஐகேட்ஸ். ரிமோட்டுக்கு மட்டும்தான் பட்டன் பேட்டரி. நம் நாட்டுக் கார்களில் ரிமோட் பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸில் பேசும்.

பிரிட்டனில் 1998 அக்டோபரிலிருந்தும், ஆஸ்திரேலியாவில் 2001 ஜூலையிலிருந்தும், கனடாவில் 2007 செப்டம்பரிலிருந்தும் புதிய கார்களுக்கு இம்மொபிலைசர் கட்டாயம். அமெரிக்காவில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. அங்கே இம்மொபிலைசர் இல்லாமல் விற்ற ஹூண்டாய், கியா கார்களை 2021, 2022-ல் பையன்கள் யூ.எஸ்.பி. வயரின் முனையை வைத்தே திருப்பி ஓட்டிப் போனார்கள். நகமளவு சிப் தடுப்பது எவ்வளவு பெரிய திருட்டை என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

முதலில் நோயைப் பிரித்தறியுங்கள்

“சாவி வேலை செய்யலை” என்று வருபவர் எல்லாருக்கும் புதுச் சாவி தேவைப்படாது.

கதவு ரிமோட்டில் திறக்கவில்லை, வண்டி ஸ்டார்ட் ஆகிறது என்றால் ரிமோட் பேட்டரியைப் பாருங்கள். பெரும்பாலும் சிஆர் 2032 போன்ற ஒரு பட்டன் செல்லோடு வேலை முடியும்.

கதவு திறக்கிறது, செல்ஃப் அடிக்கிறது, என்ஜின் ஓரிரு நொடி ஓடி நிற்கிறது, டேஷ்போர்டில் சாவி விளக்கு மின்னுகிறது என்றால் சிப்பையோ காயிலையோ சந்தேகப்படுங்கள். சில கார்களில் செல்ஃபே அடிக்காது. சாவியின் மேலுறையை மாற்றும்போது உள்ளே இருந்த சிப்பைப் பழைய உறையோடு குப்பையில் போட்டுவிட்டு வருபவர்களும் உண்டு.

சாவி கையில் இருந்தும் புஷ் ஸ்டார்ட் வண்டி ‘சாவியைக் காணோம்’ என்று காட்டினால், பல மாடல்களில் சாவியை ஸ்டார்ட் பட்டன் மேலேயே ஒட்டிவைத்து அழுத்தினால் போதும். கதவைத் திறக்க சாவிக்குள்ளேயே ஒரு சிறு தகடு இருக்கும். போனிலேயே இதைச் சொல்லி அனுப்பிவிட்டால் அன்றைக்கு உங்களுக்கு வருமானம் இல்லை. ஆனால் அந்த டிரைவர் அடுத்த பத்துப் பேரிடம் உங்கள் நம்பரைக் கொடுப்பார்.

பேஸ் மாடல் கார்களில் வெளிக்கடையில் மாட்டிய சென்டர் லாக் இருக்கும். அதன் ரிமோட்டை அந்த லாக்கோடு வரும் அலாரப் பெட்டியில்தான் பதிய வேண்டும். வண்டியின் கம்ப்யூட்டருக்கும் அதற்கும் தொடர்பில்லை. மாருதி 800, ஆம்னி போன்ற பழைய வண்டிகள் பலவற்றில் சிப்பே இருக்காது. வெறும் சாவி வெட்டிக் கொடுத்தால் போதும்.

வேலையின் வரிசை

1. சாவியின் சிப் எந்த வகை என்று டிடெக்டரில் வைத்துப் பாருங்கள். உருவம் ஒன்றாக இருந்தாலும் ஆண்டு மாறினால் சிப் மாறியிருக்கலாம்.

2. முதலில் தகட்டை வெட்டி, கதவிலும் இக்னிஷனிலும் திருப்பிப் பாருங்கள். சிப்பைப் பதிந்த பிறகு தகடு பிசகினால் இரட்டை வேலை.

3. வண்டி பேட்டரிக்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்துத் தாங்குங்கள். பதிவு நடக்கும்போது வோல்டேஜ் இறங்கினால் கம்ப்யூட்டர் பாதியில் நிற்கும். பிறகு சாவிப் பிரச்சினை என்ஜின் பிரச்சினையாகிவிடும்.

4. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் ஸ்கேனரை மாட்டி, இம்மொபிலைசர் பகுதிக்குள் போங்கள். பல வண்டிகள் ரகசிய பின் (PIN) எண் கேட்கும். ஊகித்துப் போடாதீர்கள். தவறான எண்ணைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் சில மாடல்கள் நெடுநேரம் பூட்டிக்கொள்ளும்.

5. வாடிக்கையாளரிடம் உள்ள எல்லாச் சாவிகளையும் கொண்டுவரச் சொல்லுங்கள். பல வண்டிகளில் புதிதாகப் பதியும்போது, அந்த நேரத்தில் காட்டாத பழைய சாவி நினைவிலிருந்து அழிந்துவிடும்.

6. ஒவ்வொரு சாவியாக ஸ்டார்ட் செய்து காட்டுங்கள். ஒன்றைச் சோதிக்கும்போது மற்றது வண்டிக்குள் இருக்கக் கூடாது. எத்தனை சாவிகள் பதிவில் உள்ளன என்று ஸ்கேனர் காட்டினால், அதை உரிமையாளரே பார்க்கட்டும்.

சாவி தொலைந்ததென்றால், தொலைந்த சாவியைப் பதிவிலிருந்து நீக்கித் தருவதும் உங்கள் வேலைதான். நீக்கிய பிறகு அதை வைத்து என்ஜினைக் கிளப்ப முடியாது. ஆனால் தகடு கதவைத் திறக்கும். இதை வாடிக்கையாளருக்குச் சொல்லிவிடுங்கள்.

ஒரு சாவியாவது கையில் இருக்கும்போது இன்னொன்று சேர்ப்பது எளிது, செலவும் குறைவு. எல்லாம் தொலைந்த பிறகு செய்வது நேரமும் பணமும் தின்னும். இரண்டுக்கும் தனித்தனிக் கட்டணம் எழுதி மாட்டுங்கள். பயணச் செலவைத் தனியாகச் சொல்லுங்கள். மலை மேல் போய் நின்றபின் பேரம் பேசுவது தொழிலுக்கு அழகல்ல. பழைய ஸ்மார்ட் கீயை மலிவாகக் கொண்டுவந்து பதியச் சொன்னால் கவனம்: பல கம்பெனிச் சாவிகள் ஒரு வண்டியோடு கட்டப்பட்டவை, அடுத்த வண்டியை ஏற்காது.

பயிற்சியும் முதலீடும்

ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக், எலெக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் பிரிவுகள் நல்ல அடித்தளம். அதற்குமேல் வேலை நடக்கும் கடையில் உட்கார்ந்து பழகுவதற்கு ஈடில்லை. மல்டிமீட்டர், சால்டரிங், வயரிங் படம் படிப்பது ஆகிய மூன்றும் கைவராமல் விலையுயர்ந்த மெஷின் வாங்காதீர்கள். சாவிப் புரோகிராமர்கள் சில பத்தாயிரம் ரூபாயில் தொடங்கி லட்சங்களைத் தாண்டும். நம் சாலையில் அதிகம் ஓடும் மாருதி, ஹூண்டாய், டாடா, மஹிந்திரா, டொயோட்டா வண்டிகளைப் படிக்கும் கருவியில் தொடங்குங்கள். சொகுசுக் கார் கருவி பிறகு வரட்டும். மெஷின் விலையோடு ஆண்டுதோறும் கட்ட வேண்டிய அப்டேட் செலவையும் கணக்கில் சேருங்கள்.

உத்யம் பதிவு இலவசம். இணையத்தில் நீங்களே செய்யலாம். கடனுக்கு மாவட்டத் தொழில் மையத்தை அணுகுங்கள். வேலையில்லா இளைஞர்களுக்கான தமிழக அரசின் திட்டத்தில் 25 சதவீத மானியம் உண்டு.

யாருக்குச் சாவி?

இந்தத் தொழிலின் உண்மையான மூலதனம், யாருக்குச் சாவி கொடுக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. நீங்கள் வாங்கும் அதே கருவி திருடன் கையிலும் கிடைக்கிறது. டெல்லியில் போலீஸ் பிடித்த கார் திருட்டுக் கும்பல்களிடமிருந்து சாவிப் புரோகிராமர்கள் கைப்பற்றப்பட்டதுண்டு. 2012-லேயே ஐரோப்பிய ஆராய்ச்சியாளர்கள் ஹிடாக்-2 என்ற சிப்பின் ரகசியத்தை ஆறு நிமிடத்தில் எடுக்க முடியும் என்று நிரூபித்தார்கள். எனவே போலீஸ் விசாரிக்க வந்தால் உங்களைக் காப்பாற்றுவது நீங்கள் வைத்திருக்கும் பதிவேடுதான்.

ஆர்.சி.யில் உள்ள 17 எழுத்துச் சேஸிஸ் எண்ணை வண்டியில் பொறித்த எண்ணோடு ஒப்பிடுங்கள். ஆர்.சி.யை எம்பரிவாஹன் அல்லது டிஜிலாக்கரில் காட்டச் சொல்லுங்கள், ஜெராக்ஸை நம்பாதீர்கள். உரிமையாளர் வராமல் டிரைவர் வந்தால், உரிமையாளரை வீடியோ காலில் பார்த்துப் பேசுங்கள். எல்லாச் சாவியும் தொலைந்திருந்தால் காவல் நிலைய சி.எஸ்.ஆர். ரசீதைக் கேளுங்கள். தேதி, வண்டி எண், சேஸிஸ் எண், எத்தனை சாவி என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பின் எண்ணை வேலை முடிந்ததும் உங்கள் போனிலிருந்து அழித்துவிடுங்கள்.

இந்தக் காகிதம் வாடிக்கையாளருக்கும் உதவும். கார் திருடுபோனால் இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பது இரண்டு சாவிகளையும்தான். ஒன்று தொலைந்து புதிதாகச் செய்ததற்குப் பில்லும் சி.எஸ்.ஆரும் இருந்தால் அவர் பதில் சொல்ல முடியும். ஆகவே பில் போடாமல் எந்தச் சாவியையும் கொடுக்காதீர்கள்.

“அவசரம், ஆர்.சி. வீட்டில் இருக்கு, இரட்டிப்புப் பணம் தர்றேன்” என்று ஒருவர் வந்து நிற்பார். உண்மையாகவே அவசரத்தில் இருப்பவர் டிஜிலாக்கரைத் திறந்து காட்ட ஐந்து நிமிடம் பொறுப்பார். பொறுக்காதவரை அனுப்பிவிடுங்கள். அந்த ஒரு வேலையை இழப்பதால் கடை மூடப்போவதில்லை; ஏற்றால் மூட நேரலாம்.