துவலில் ஒரு சர்வகலாசாலை

 

ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ போய் வந்த நம்மவர்களுக்கு ஜித்தாவைத் தெரியும். அங்கிருந்து செங்கடல் ஓரமாக வடக்கே சுமார் 80 கிலோமீட்டர் சென்றால் துவல் என்னும் மீன்பிடி ஊர் வரும். அதன் அருகேதான் மன்னர் அப்துல்லாஹ் விஞ்ஞான தொழில்நுட்ப சர்வகலாசாலை 2009 செப்டம்பரில் திறக்கப்பட்டது. அங்கே முதற்பட்டம் கொடுப்பதில்லை. பட்டம் பெற்றவர்களே முதுநிலைப் பட்டத்துக்கும் டாக்டர் பட்டத்துக்கும் சேர்கிறார்கள். அதன் முதல் தலைவர் நமக்கு அந்நியரல்லர். 2000 முதல் 2008 வரை சிங்கப்பூர் தேசிய சர்வகலாசாலையின் தலைவராயிருந்த ஷி சூன் ஃபோங் அவர்களே.

இதைப் பற்றி நாம் விசாரிக்க நேர்ந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறோம். நம் மூத்த மகன் பட்டம் வாங்கியபின், "இன்னும் இரண்டு வருஷம் படிக்கிறேன் வாப்பா" என்று கேட்டான். "படித்தது போதும், கல்லாவில் உட்கார்" என்றோம். உட்கார்ந்தான். கணக்கில் ஒரு காசு பிசகவில்லை. ஆனால் அந்தப் பேச்சை அவன் மறுபடி எடுக்கவேயில்லை. இப்பொழுது இரசாயனப் பொறியியல் முடிக்கும் நம் மகள் அதே கேள்வியோடு வந்து நிற்கிறாள். அவள் சொன்ன இடம் துவல்.

வியாபாரி முதலில் கேட்பது செலவைத்தானே? சேர்த்துக்கொள்ளப்பட்ட மாணாக்கருக்குப் படிப்புச் சம்பளம் கிடையாது. தங்க வீடு, வைத்திய வசதி, மாதாமாதம் கைச்செலவுக்கு உபகாரச் சம்பளம் எல்லாம் சர்வகலாசாலையே தருகிறது. மணமானவர் குடும்பத்தோடு வசிக்கலாம். பிள்ளைகளுக்கு உள்ளேயே பள்ளிக்கூடமும் உண்டு. அங்கே கேட்கப்படும் கைமுதல் வேறு: நல்ல மதிப்பெண், ஆங்கிலப் பரீட்சையில் தேர்ச்சி, ஆசிரியர்களின் சிபார்சுக் கடிதம். பாடமெல்லாம் ஆங்கிலத்தில்தான். அரபு தெரிந்தால் போதும் என்று நாம் நினைத்திருந்தது தவறு.

இடம் பாலைவனம், கோடையில் 40 டிகிரிக்கு மேல் போகும். ஆகவே கட்டடங்களைப் பழைய அரபு நாட்டுக் கடைத்தெரு மாதிரி நெருக்கமாக, மேலே நிழல் வேய்ந்து கட்டியிருக்கிறார்கள். நம் கடை முன்னே ஐந்தடி நடைபாதை வெயிலுக்கும் மழைக்கும் உதவுகிறதே, அதே யோசனை! குடிப்பது கடல் நீரை உப்பு நீக்கிய தண்ணீர். உள்ளே பள்ளிவாசல், கடைகள், கடலைப் பார்த்த நூல்நிலையம், துறைமுக வாயிலில் கலங்கரை விளக்கம் போன்ற ஒரு கோபுரம் இவை உண்டு. நடக்க இயலாதவருக்கு பஸ் ஓடுகிறது.

ஆராய்ச்சியும் அந்த மண்ணுக்கும் கடலுக்கும் ஏற்றபடியே நடக்கிறது. வெந்நீர் போன்ற செங்கடலில் பவளப் பாறைகள் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன என்று கடலில் மூழ்கிப் பார்க்கிறார்கள். உவர்நீரில் தக்காளி விளைவிக்க முயல்கிறார்கள். உப்பு நீக்கும் மெல்லிய சவ்வுகளைச் செய்து பார்க்கிறார்கள். நம் மகளின் நாட்டம் இந்தச் சவ்வுகளில்தான்.

நம் பெற்றோர் தயங்கும் விஷயத்தை மூடி மறைக்க வேண்டாம். ஆண்களும் பெண்களும் அங்கே ஒரே வகுப்பில் பயில்கிறார்கள். சவூதியில் அவ்விதம் நடந்த முதல் சர்வகலாசாலை அதுவே. திறந்த உடனேயே உலமாக்களில் ஒருவர் கண்டித்துப் பேச, மன்னர் அவரை மூத்த உலமா சபையிலிருந்து நீக்கினார். நாடெங்கும் பெண்கள் கார் ஓட்ட அனுமதி வந்தது 2018 ஜூனில். அதற்கு முன்னமேயே அந்த வளாகத்துக்குள் பெண்கள் ஓட்டினார்கள். இவை நமக்கு உடன்பாடோ இல்லையோ, தெரிந்துகொண்டு முடிவு செய்வது நல்லது. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் நம் பெண்மக்கள் எந்த வகுப்பில் உட்கார்ந்து படித்தார்கள் என்பதையும் கூடவே நினைத்துப் பார்க்க வேண்டும்.

கஷ்டமும் இல்லாமலில்லை. காவல் வாசலுக்குள் அடங்கிய சிறு ஊர் அது. கடைத்தெருவின் சந்தடிக்குப் பழகியவருக்கு அலுப்புத் தட்டும். முதுநிலைப் பட்டத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு. டாக்டர் பட்டமென்றால் அதன்மேல் பல ஆண்டுகள் பொறுமை வேண்டும்.

இவையெல்லாம் கேட்டபின் அவள் உம்மா ஒரே வார்த்தைதான் கேட்டார்: "அங்கே இவளுக்குச் சுகமில்லையென்றால் யார் பார்ப்பார்கள்?" வளாகத்திலேயே வைத்திய நிலையம் இருப்பதைச் சொன்னோம். பதில் சொல்லாமல் அடுக்களைக்குப் போய்விட்டார். விண்ணப்பம் சென்ற வாரம் போய்விட்டது. அதை உட்கார்ந்து பூர்த்தி செய்து கொடுத்தவன் அவள் அண்ணன்.