தார்ப்புகைக்கு எதிராக எங்கே முறையிடுவது?

கேள்வி: தாம்பரம் அருகே குடியிருப்பை ஒட்டித் தார்க்கலவை ஆலை ஒன்று இரவில் ஓடுகிறது. சாலை போடும்போது தெருவிலேயே டிரம்மில் தார் காய்ச்சுவதும் நடக்கிறது. சட்டப்படி தடுக்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் ஆலைக்கும் தெருவுக்கும் வழிகள் வேறு.

சாலைக்கான தார் சுமார் 150 முதல் 165 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கப்பட்டு ஜல்லியோடு கலக்கப்படுகிறது. அந்தச் சூட்டில் எண்ணெய் ஆவியும் கார்பன் மோனாக்சைடும் தூசியும் வெளிவரும். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2013-இல் வெளியிட்ட தொகுப்பு, சாலைப்பணியில் எழும் தார்ப்புகையைப் புற்றுநோய்க்கு வாய்ப்புள்ள '2பி' பிரிவிலும், கூரை வேலையில் எழும் புகையைச் சான்று அதைவிட வலுவாக உள்ள '2ஏ' பிரிவிலும் வைத்தது. இவை தொழிலாளர்களின் பாதிப்பை வைத்துச் செய்த பகுப்பு. முதலில் அடிபடுவதும் அவர்களே.

காற்று மாசுத் தடுப்புச் சட்டம், 1981-இன் 21-ஆம் பிரிவுப்படி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை இல்லாமல் ஆலை ஓடக் கூடாது. நிபந்தனை மீறப்பட்டால் 31-ஏ பிரிவின்கீழ் மூடவும், மின் இணைப்பைத் துண்டிக்கவும் வாரியம் உத்தரவிடலாம். இசைவாணை நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் முதலில் கேட்டு வாங்குவது நல்லது. புகாரை மறைமலைநகரில் உள்ள மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு அனுப்பலாம். பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு: ஆய்வுக்கு வருவோர் புகைபோக்கியை மட்டும் அளந்துவிட்டுப் போகக்கூடும். சூடான கலவை லாரியில் கொட்டப்படும்போது எழும் நீலப்புகை புகைபோக்கி வழியாக வருவதில்லை, வடிகட்டியிலும் சிக்காது. லாரி ஏற்றும் இடத்திலும், ஆலை ஓடும் நேரத்திலும் அளக்க வேண்டும் என்று மனுவிலேயே கேட்க வேண்டும்.

தெருவில் டயரும் பிளாஸ்டிக்கும் எரித்துத் தார் காய்ச்சினால், பணியைக் கொடுத்த மாநகராட்சி அல்லது நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளரிடம் எழுத்தில் புகார் தரலாம். காற்றைக் கெடுப்போரைத் தண்டிக்கும் பாரதிய நியாய சன்ஹிதா 280-ஆம் பிரிவில் அபராதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் இல்லை. அது யாரையும் தடுக்காது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152-ஆம் பிரிவின்கீழ் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்துத் தொல்லையை நீக்க உத்தரவு பெறுவதே பலன் தரும்.

இவை பயன்படாவிட்டால் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு இருக்கிறது. பாதிப்பு முதலில் தொடங்கிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் கிடைக்கும். இழப்பீடு கோர ஐந்தாண்டு அவகாசம் உண்டு. மாசு செய்தவரே ஈடு தர வேண்டும் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1996-இல் தமிழகத் தோல் ஆலைகள் வழக்கில் உறுதிசெய்தது. தாம்பரம் இருந்த அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமும் அந்த வழக்கில் அடங்கும்.

எனவே புகை தொடங்கிய தேதி, நேரம், புகைப்படம், மருத்துவச் சீட்டு ஆகியவற்றை இன்றே சேர்க்கத் தொடங்குங்கள்.