கூடப் போய்ப் பார்ப்பதா, வழி கேட்பதா?

கல்லூரியில் ‘ஐ.வி.’ என்கிற இண்டஸ்ட்ரியல் விசிட் போய்வந்த யாரையாவது கேட்டுப் பாருங்கள். ஒன்றரை மணி நேரம் தொழிற்சாலை, மீதி இரண்டு நாள் மைசூரு. இன்பிளான்ட் ட்ரெய்னிங்கின் கதை அதைவிட மோசம். பணம் கட்டினால் போகாமலே சான்றிதழ் தருகிற இடங்கள் உண்டென்பது மாணவர்களுக்கும் தெரியும், பேராசிரியர்களுக்கும் தெரியும். இவற்றை ஒதுக்கிவிட்டால் உருப்படியாக இரண்டு வழிகள் மிஞ்சுகின்றன. வேலையில் இருக்கும் ஒருவருடன் ஒரு நாளோ ஒரு வாரமோ கூடவே இருந்து பார்ப்பது ஒன்று. ஜாப் ஷேடோயிங் என்கிறார்கள். துறையில் அனுபவமுள்ள ஒருவரை மென்டாராகப் பிடித்து மாதக்கணக்கில் பேசிவருவது இன்னொன்று.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பது உங்கள் கேள்வியைப் பொறுத்தது. ‘இந்த வேலை எனக்கு ஒத்துவருமா?’ என்பது கேள்வியென்றால் கூடப் போய்ப் பாருங்கள். ‘இதற்குள் எப்படி நுழைவது, எதைப் படிப்பது, எதை விடுவது?’ என்றால் மென்டார் வேண்டும். பலர் இதை மாற்றிச் செய்கிறார்கள். ‘ஆடிட்டர் வேலை எப்படி இருக்கும் சார்?’ என்று மென்டாரைக் கேட்டுப் பயனில்லை. தன் வேலையைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒன்று பெருமை வரும், இல்லையென்றால் புலம்பல் வரும்.

பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு முதலில் கூடப் போய்ப் பார்ப்பதுதான் என்பேன். செலவு பஸ் காசும் ஒரு நாள் லீவும். லட்சங்களைக் கட்டி நான்கு வருடப் படிப்பில் சேருகிற பையன், அந்தப் படிப்பு கொண்டுபோய் விடும் வேலையை ஒரு நாள்கூடக் கண்ணால் பார்த்திருப்பதில்லை. கல்யாணத்துக்குப் புடவை எடுக்கவே நாலு கடை ஏறி இறங்குகிறவர்கள் நாம்.

எந்த நாளில் போவது என்பதில்தான் சூட்சுமம். ஆடிட்டர் அலுவலகமென்றால் மாதத்தின் 18, 19ஆம் தேதிகளில் போங்கள். மாதாமாதம் ஜி.எஸ்.டி.ஆர்-3பி என்கிற வரிக் கணக்கைத் தாக்கல் செய்பவர்களுக்கு 20ஆம் தேதி கெடு. மஞ்சப்பையில் பில்களை அள்ளிக்கொண்டு வரும் கடைக்காரர், ‘இன்னும் பர்ச்சேஸ் பில் வரலையே’ என்று பத்தாவது தடவையாக போன் போடும் ஜூனியர், சுற்றிக்கொண்டே இருக்கும் போர்ட்டல், எல்லாம் ஒரே அறையில் கிடைக்கும். 2023 ஜூலையில் வந்த புதிய முறைப்படி சி.ஏ. படிப்பில் ஆர்ட்டிக்கிள்ஷிப் பயிற்சி இரண்டு வருடம், முன்பு மூன்று. அந்த அறையில் இரண்டு வருடம் உட்கார முடியுமா என்பது அன்று மாலையே தெரிந்துவிடும்.

வக்கீலோடு போகிறவர்கள் கோர்ட்டை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் ஏமாந்துபோவார்கள். அங்கே கண்ணில் படுவது பெரும்பாலும் காத்திருப்பும் வாய்தாவும்தான். கட்சிக்காரரைக் கேட்டு, கட்டுகளைப் பிரித்து, மனு எழுதுகிற வேலை மாலையில் ஆபீஸில் நடக்கிறது. இரண்டையும் பாருங்கள். கோவைப் பக்கம் ஃபவுண்டரி பார்க்க நினைத்தால் முதல் ஷிஃப்டுக்கே போய்விடுங்கள். அந்தச் சூட்டையும் சத்தத்தையும் எந்தப் புத்தகமும் சொல்லித் தராது. 18 வயது ஆகாதவர்கள் உள்ளே போக அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

சாஃப்ட்வேரில் மட்டும் இந்த வழி அவ்வளவாக எடுபடாது. ஒருவர் முதுகும் ஒரு திரையும் தவிரப் பார்க்க என்ன இருக்கிறது? காலையில் நடக்கும் ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கில் ஓரமாக உட்கார விட்டால் சரி; இல்லையென்றால் அங்கே மென்டாரே மேல்.

மென்டார் என்றதும் ‘எங்கள் கல்லூரியில்தான் இருக்கிறாரே’ என்பீர்கள். இருபது மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்று பிரித்துக் கொடுத்து ஃபைல் போட்டிருப்பார்கள். கல்லூரிகளை மதிப்பிடும் நாக் அமைப்புக்குக் காட்ட அது வேண்டும். அந்த ஃபைலைப் புரட்டினால் அட்டெண்டன்ஸ், அரியர், அப்பாவின் கையெழுத்து. ஆசிரியரைக் குறை சொல்லவில்லை. துறைக்குள் நடப்பது அவருக்கும் வெளியிலிருந்துதான் தெரிகிறது.

பெரிய மனிதரைத் தேட வேண்டாம். முப்பது வருடம் முன்னால் வேலையில் சேர்ந்தவருக்கு இன்றைய இன்டர்வியூ எப்படி நடக்கிறது என்று தெரியாது. உங்களைவிட ஐந்தாறு வருடம் மூத்த சீனியர் போதும், அதே ஊர் அதே கல்லூரி என்றால் இன்னும் நல்லது. மாதம் ஒருமுறை அரை மணி நேரம், கையில் ஒரு குறிப்பான கேள்வியோடு. ‘கைட் பண்ணுங்கண்ணா’ என்று மொட்டையாகச் செய்தி அனுப்பினால் அவர் என்ன செய்வார்? ‘டெஸ்டிங்கில் ஒரு ஆஃபர் வந்திருக்கு, டெவலப்மென்ட்டுக்காக ஆறு மாசம் காத்திருக்கலாமா அண்ணா?’ என்றால் பதில் வரும்.

வீட்டில் முதல் பட்டதாரி என்றால் என் வரிசையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். கூடப் போய்ப் பார்க்க ஆடிட்டர் மாமாவோ டாக்டர் அத்தையோ அந்த வீட்டில் இருக்கமாட்டார்கள். கதவைத் திறந்துவிடவே ஒருவர் வேண்டியிருக்கிறது, அதனால் மென்டார் முதலில். 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய தமிழ்நாடு அரசின் ‘நான் முதல்வன்’ திட்டம் படிப்புகளையும் பயிற்சிகளையும் அறிமுகப்படுத்துகிறது. பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆனால் லட்சக்கணக்கானவருக்கான திட்டம் உங்கள் குழப்பத்தை மட்டும் உட்கார்ந்து கேட்க முடியாது.

டிகிரியோ டிப்ளமோவோ முடித்தவர்களுக்கு இந்த இரண்டும் போதாது. ‘என்னால் செய்ய முடியுமா?’ என்பது செய்துதான் தெரியும். 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் உதவித்தொகையோடு பயிற்சி உண்டு. தென் மாநிலங்களுக்கான அப்ரண்டிஸ் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது.

கூடப் போகிற நாளில் ஒரு சின்ன நோட்டு எடுத்துப் போங்கள். அவர் எத்தனை மணி நேரம் போனில் இருந்தார், எத்தனை மணி நேரம் எழுதினார், எப்போது எரிச்சல்பட்டார் என்று குறித்துக்கொள்ளுங்கள். போட்டோ வேண்டாம், அங்கே இருப்பது மற்றவர்களின் கணக்கும் வழக்கும். மறுநாள் நன்றி சொல்லி இரண்டு வரி அனுப்புங்கள். ஆறு மாதம் கழித்து மென்டாராக யாரைக் கேட்பது என்று தேடும்போது அந்த எண் உங்கள் போனில் இருக்கும்.